வெள்ளை வேறு, நிறம் வேறு

சென்ற நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்து மகள் வந்து எங்களோடு ஒரு மாதம் நின்றாள். கோயிலுக்கு உடுத்துச் சென்ற எனது வெள்ளை வேட்டிகள் நான்கைந்து அழுக்குக் கூடையில் சேர்ந்திருந்தன. ஒருநாள் காலை குசினிக்குப் பின்புறமுள்ள தாழ்வாரத்துக்குப் போனேன். எனது வேட்டிகள், தனது கறுப்புக் காற்சட்டை, தாயாரின் குங்கும நிறப் பருத்திச் சேலை, பழைய துவாய்கள் யாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளிச் சலவை இயந்திரத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? வெள்ளையை வேறையாப் போடு. சாயம் கழறப்போகுது."

"உதெல்லாம் அந்தக் காலம், அப்பா. இப்பத்தைய உடுப்பு ஒண்டும் கழறாது. அதோடை நான் குளிர் தண்ணியிலைதான் போடுறன். அங்கை நாங்கள் ஒருத்தரும் பிரிக்கிறேல்லை."

இயந்திரம் சுழலத் தொடங்கியது. அடுத்த ஒரு மணி நேரமும் பத்திரிகையைக் கையில் வைத்திருந்தேனே தவிர, ஒரு வரியும் படிக்கவில்லை. கடைசியில் மூடியைத் திறந்தபோது வேட்டி வெள்ளையாகவே வந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டாள்.

மகிழவேண்டிய இடத்தில் எனக்குச் சிறிது ஏமாற்றமாக இருந்தது. உறுதிப்படுத்தாத எதையும் அச்சுக்கு விடக்கூடாது என்று முப்பது ஆண்டுகளாக இளைய நிருபர்களுக்குச் சொல்லிவந்தவன் நான். வெள்ளையும் நிறமும் சேரக்கூடாது என்ற இந்த ஒரு விதியை மட்டும் எந்தக் கேள்வியுமின்றி வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது, இன்றைக்கும் வேண்டுமா என்று தேடிப் பார்த்ததன் விளைவே இந்தப் பதிவு.

*

ஒரு துணி சாயம் விடுமா, விடாதா என்பதைத் தீர்மானிப்பது அதன் நிறமன்று. சாயம் இழையோடு எவ்வாறு இணைந்திருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மணற்பாங்கான நிலத்தில் சாயவேர் என்ற சிறு செடி வளரும். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தருக்கு அது வருவாய் தந்த பொருள். வேரைக் கிண்டிக் கொடுப்பது சில சாதியினர்மீது சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. படிகாரம் ஊட்டிய பருத்தித் துணியில் அந்த வேரின் சாயம் ஏறினால் சிவப்பு இழையோடு இறுகிவிடும். சாதாரணத் தோய்ச்சலுக்கு அசையாது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் அந்தச் சிவப்பு இன்னும் நன்றாகப் பிடிக்கும். சுண்ணாம்புக் கல்லில் ஊறிவரும் நமது கிணற்றுத் தண்ணீர் சவர்க்காரத்தை நுரைக்கவிடாது. ஆனால் இந்தச் சிவப்புக்கு உறவான தண்ணீர்.

சிவப்புத் துணி கழறும் என்ற அச்சத்துக்குப் பெரிதும் இடம் கொடுத்தது பிற்காலத்துச் சிவப்பு. 1856இல் இங்கிலாந்தில் வில்லியம் பேர்க்கின் முதலாவது செயற்கைச் சாயத்தை வணிகத்துக்குக் கொண்டுவர வழி திறந்தார். 1880களில் ஜேர்மனியில் கொங்கோ சிவப்பு கண்டுபிடிக்கப்பட்டது. படிகாரம் முதலிய துணைப்பொருள் எதுவுமின்றிப் பருத்தியில் நேராக ஏறும் சாயம் அது. அதன் வழிவந்த நேரடிச் சாயங்கள் மலிவானவை, துணியில் ஏற்றுவதும் இலகு. ஆனால் அவை இழையைப் பலமாகப் பற்றுவதில்லை. நனைந்தால் கழன்று, பக்கத்தில் கிடக்கும் வெள்ளையில் ஏறிவிடும். எங்கள் பாட்டிமார் அஞ்சியது பெரும்பாலும் இந்தச் சிவப்பையே.

பேர்க்கினுக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1956இல், பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பை உண்டாக்கும் சாயங்கள் சந்தைக்கு வந்தன. இன்று நாம் அணியும் நிறப் பருத்தி உடுப்புகளில் மிகப் பல அவ்வகைச் சாயம் ஏற்றியவை. பொலியெஸ்டர் துணிக்குரிய சாயமோ இழைக்குள்ளேயே புகுந்துவிடுவதால் வீட்டுச் சலவையின் சூட்டில் எளிதில் வெளிவராது. மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. விதியைத் தேவையாக்கிய சாயங்கள் பெரும்பாலும் போய்விட்டன. விதி மட்டும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

*

அந்த விதியை நான் கற்றது எங்கே என்று யோசித்தபோது, 1970களின் நடுப்பகுதியில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தை நினைவுக்கு வந்தது.

கிழமைக்கு ஒருமுறை ஒரு முதியவரும் மனைவியும் வந்து அழுக்கு உடுப்புகளை எடுத்துச் செல்வர். ஊரில் அவரைக் கட்டாடி என்பார்கள். அவர்கள் வருமுன் பாட்டி உடுப்புகளைப் பிரித்து வைப்பார். வேட்டி, சால்வை, படுக்கை விரிப்பு ஒரு குவியல். நிறச் சேலை, சாரம் இன்னொரு குவியல். இதற்கு அன்று நல்ல காரணம் இருந்தது. வெள்ளையை அவர்கள் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைப்பார்கள். இரவு முழுவதும் அந்த நீராவியில் அவிந்தால் அழுக்கோடு நிறமும் போய்விடும். நிறத்துணி வெள்ளாவிக்குள் போகவே முடியாது. வெளுத்த வெள்ளைக்கு நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடித்துக் கொண்டுவருவார்கள். எந்த வீட்டு உடுப்பு எது என்று தெரியச் சேங்கொட்டைப் பாலால் ஓரத்தில் ஒரு குறி இருக்கும். அந்தக் கறுப்புக் குறியை வெள்ளாவியாலும் அழிக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு குவியலும் இருந்தது. அது விறாந்தைக்கு ஏறாது, கொல்லைப்படியில் கிடக்கும். மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, மரணவீடு ஆகியவற்றில் பயன்பட்ட உடுப்புகள். துடக்கு என்ற ஒரு சொல்லால் அவை பிரிக்கப்பட்டன. அவற்றை வெறுங்கையால் தொட்டு மூட்டை கட்டியவர் அந்த முதியவரின் மனைவி.

அவர்களுக்கும் எங்கள் விறாந்தையில் இடமில்லை. முற்றத்தில்தான் நிற்பார்கள். கலியாண வீட்டிலும் மரணவீட்டிலும் பந்தலுக்கு வெள்ளை கட்டவும் நிலபாவாடை விரிக்கவும் அவர் இல்லாமல் முடியாது. ஆயினும் அவர் விரித்த துணிமேல் நடந்த எவரும் அவரைத் தம் கதிரையில் இருத்தியதை நான் கண்டதில்லை. ஆறு வயதுச் சிறுவனாகிய நான் அவரை 'நீ' என்று அழைத்தேன். அவர் என்னைச் 'சின்ன நயினார்' என்றார். இரண்டும் எனக்கு இயல்பாகவே தோன்றின.

பிரிப்பு அத்தோடு நிற்கவில்லை என்பதைப் பல்கலைக்கழகத்துக்குப் போனபின் படித்தறிந்தேன். எங்கள் உடுப்பை வெளுத்தவர்கள் பள்ளர், நளவர் முதலானோரின் உடுப்பைத் தொட அனுமதிக்கப்படவில்லை. அந்த மக்களின் துணியை வெளுக்கத் துரும்பர் என்று வேறொரு பிரிவினர் இருந்தனர். அவர்கள் பகலில் பிறர் கண்ணில் படக்கூடாது என்றும், இரவில் நடக்கும்போது காவோலையை இழுத்து ஓசை எழுப்பவேண்டும் என்றும் கட்டுப்பாடு இருந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. இந்த வாழ்க்கையைக் கே. டானியல் (1926–1986) தமது நாவல்களில் விரிவாகப் பதிவு செய்தார். அவற்றை வாசித்தபோதுதான் எங்கள் வீட்டு மூட்டைக்கு ஏன் ஒரே பாதை இருந்தது என்பது விளங்கியது.

வெள்ளாவிக்குள் வெள்ளையும் நிறமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எவரும் காட்டலாம். இரு சாதியாரின் வேட்டிகள் ஒரே வெள்ளாவியில் அவிந்தால் என்ன ஆகும் என்று காட்டும்படி எவரும் கேட்டதில்லை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே குரலில் சொல்லித்தரப்பட்டதால் இரண்டையும் ஒரே வகை உண்மையாக எடுத்துக்கொண்டோம்.

*

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு வரும் பொருள்கள் கட்டுப்படுத்தப்பட்டன. சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்போதுதான் நான் பத்திரிகையில் சேர்ந்திருந்தேன். கிடைத்த தாளில் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. கொப்பித் தாளிலும் அச்சிட்டோம். கிடைத்ததைக் கொண்டு உடுப்பையும் தோய்த்தோம். பனங்காய்க் காலத்தில் பனங்களியே சவர்க்காரம். அதிலுள்ள சப்போனின் வகைச் சேர்மங்கள் நுரை தருபவை என்பதைப் பின்னாளில் அறிந்தேன். யாழ்ப்பாணத்திலேயே செய்யப்பட்ட மில்க்வைற் சவர்க்காரத்தின் அதிபர் க. கனகராசா பனை நடுகையை ஊக்குவிப்பதில் பெரும் ஈடுபாடு கொண்டவர். சவர்க்காரக்காரர் போற்றிய மரமே சவர்க்காரம் இல்லாத காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது.

பனங்களியில் தோய்த்த உடுப்பைக் கொடியில் விட்டுவிட்டு அப்பால் போக முடியாது. வாசத்துக்கு வரும் மாடு சப்பிவிடும். வெள்ளைச் சேட்டில் மெல்லிய மஞ்சள் படியும். சில மாதங்களில் வெள்ளை என்று பிரித்து வைக்க வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. பாட்டி அதற்குப் பிறகும் இரண்டு குவியலாகவே பிரித்து வைத்தார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டோம். எங்களுக்கு ஒரு பாடசாலையின் வகுப்பறையில் பாதி கிடைத்தது. பக்கத்து வகுப்பறையில் எங்களூர்க் குடும்பங்கள் சில இருந்தன. அவர்களிடையே அந்த முதியவரின் மனைவியும் இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், மகனுடன் வந்திருந்தார்.

ஒருநாள் கிணற்றடியில் எனது ஒரே வெள்ளைச் சேட்டையும், யாரோ தந்த புதுச் சிவப்புச் சாரத்தையும் ஒரே வாளியில் ஊறப்போடப் போனேன். தண்ணீருக்கு வரிசை நீண்டிருந்தது. இரண்டு வாளிக்கு வழியில்லை.

"பொறுங்கோ தம்பி," என்று அவர் பின்னாலிருந்து சொன்னார். சாரத்தின் ஒரு மூலையை நனைத்தார். தன் மடியிலிருந்த பழைய வெள்ளைத் துணித்துண்டுக்குள் அதை வைத்து மடித்து, கல்லில் வைத்துக் குதியால் சிறிது நேரம் அழுத்தினார். விரித்துக் காட்டினார். வெள்ளையில் செம்மை படிந்திருந்தது.

"இது ரண்டு மூண்டு தோய்ச்சலுக்கு வேறை. பேந்து சேர்க்கலாம்."

"எப்பவும் பிரிக்கத் தேவையில்லையோ?"

"கழறுறதைத்தான் பிரிக்கோணும் தம்பி. எல்லாத்தையும் ஏன் பிரிக்கோணும்? தண்ணியும் நட்டம், கையும் நோகும்."

"சரி ஆச்சி, நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்," என்றேன். அவரை 'நீங்கள்' என்று நான் அழைத்தது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது.

அதே நாள்களில், இடம்பெயர்ந்து வந்த சிலருக்குச் சாதி கேட்டுக் கிணறு மறுக்கப்பட்டதை அறிந்தேன். சுற்றுவட்டத்தில் ஒரு வீட்டுக் கிணற்றில் வாளி கழற்றப்பட்டிருந்ததை நானே கண்டேன். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறி முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐந்து லட்சம் மக்கள் தெருவில் நிற்கும் வேளையில் இதை எழுதினால் ஒற்றுமை குலையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு செய்தியை விட்டுவிட்டேன். அது என் தொழிலில் நான் விட்ட பிழைகளில் ஒன்று. காலம் கடந்து ஒப்புக்கொள்கிறேன்.

ஆச்சி சொல்லித்தந்ததையும் மறந்துபோனேன். ஊர் திரும்பி, வீடு திருத்தி, இயந்திரமும் வாங்கியபின், பாட்டியின் விதிக்கே திரும்பிவிட்டேன். எதையும் நனைத்துப் பார்க்கத் தேவையில்லை என்பதால் அது வசதியாக இருந்தது.

*

இனி, தொடங்கிய கேள்விக்கு விடை.

மகள் புறப்படுவதற்கு முதற்கிழமை நான் புதிதாக ஒரு கைத்தறிச் சாரம் வாங்கினேன். கருஞ்சிவப்பு. ஒரு முறை வென்ற தைரியத்தில் அவள் அதையும் மற்ற உடுப்புகளோடு சேர்த்துப் போட்டாள். இரண்டு வெள்ளைத் துவாய்கள் இளஞ்சிவப்பாக வெளியே வந்தன. "அப்பா, உங்கடை சாரம் அந்தக் காலத்துச் சாரம்," என்று சிரித்தாள். அவளுடைய விதியும் சரிபார்க்காத விதிதான் என்று நானும் சிரித்தேன்.

காரணம் இலகுவானது. இழையோடு பிணையும் சாயத்திலும் ஒரு பகுதி பிணையாமல் எஞ்சும். அதைத் தொழிற்சாலையிலோ சாயச்சாலையிலோ பல தடவை அலம்பி நீக்கவேண்டும். அலம்புவதில் சிக்கனம் பிடித்தால் அந்த எச்சம் நமது வாளியில் வெளிவரும். நேரடிச் சாயங்களும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஜீன்ஸ் துணியின் அவுரி நீலம் பெரும்பாலும் நூலின் மேற்பரப்பில் இருப்பதால் தேய்ந்து தேய்ந்து கழன்றுகொண்டே இருக்கும்.

ஆகவே, பலமுறை தோய்த்துப் பழகிய நிற உடுப்புகளைக் குளிர்ந்த தண்ணீரில் ஒன்றாகப் போடலாம், ஆபத்துக் குறைவு. புதிய கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றை ஆச்சி செய்ததுபோல் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்கவேண்டும். கழன்றால் இரண்டு மூன்று தோய்ச்சலுக்குத் தனியாகப் போட்டு, பிறகு மீண்டும் பார்க்கவேண்டும். உப்பிலோ வினாகிரியிலோ ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்பார்கள். இன்றைய கடைத்துணிகளுக்கு அதை நம்பவேண்டியதில்லை. தோய்த்த உடுப்பை ஈரத்தோடு குவித்து வைக்கக்கூடாது. வெள்ளையில் சாயம் ஏறிவிட்டால் காயவிடாமல் உடனே மறுபடி தோய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

தூய வெள்ளை மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் கேட்கிறது. ஒரே தோய்ச்சலில் ஒன்றும் நேராவிட்டாலும், மற்றவற்றிலிருந்து வரும் அழுக்கும் சாயத்துணுக்கும் சிறிது சிறிதாகப் படிந்து ஓராண்டில் வெள்ளை சாம்பலாகும். கோயில் வேட்டியும் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடையும் தனியே போவது நல்லது. வலிகாமத்துச் செம்மண் பட்ட சீருடைக்குக் குளோரின் வெளுப்பான் ஊற்றுபவர்களுக்கு ஒரு சொல்: அந்தச் சிவப்பு இரும்பினால் வருவது, வெளுப்பானுக்கு அசையாது, சிலவேளை கறையை இறுக்கியும் விடும். காய்ந்த மண்ணை முதலில் தட்டி, அலம்பி, எஞ்சிய கறைக்குத் தேசிக்காய்ப் புளி போடுவதே பலன் தரும்.

உடுப்பு விடயம் இவ்வளவுதான். மற்றப் பிரிப்பு அவ்வளவு இலகுவில் முடியவில்லை. கட்டாடி வீட்டுக்கு வரும் வழக்கம் எங்களூரில் அருகிவிட்டது. ஆச்சியின் பேரப்பிள்ளைகள் ஒருவரும் அத்தொழிலில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமக்கள் பக்கத்தைப் பாருங்கள். வைத்தியர், பொறியியலாளர், கனடாக் குடியுரிமை என்பவற்றோடு முதல் வரியிலேயே சாதியும் நிற்கும். பல ஆண்டுகள் அந்தப் பக்கத்தை ஒழுங்கு செய்து அச்சுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். "வாசகர் பணம் கட்டித் தரும் விளம்பரம்" என்று அப்போது சொல்லிக்கொண்டேன். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து எனக்கு எழுதும் நண்பர்கள், அங்கேயும் அந்த முதல் வரி மாறவில்லை என்கிறார்கள். உடுப்பைப் பிரிக்காத வீடுகளிலும் இது நடக்கிறது.

மகளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறோம். தரகர் கேட்ட முதலாவது கேள்வி என்னவென்று சொல்லவேண்டியதில்லை. "அதைப் பார்க்கவேண்டாம்" என்று நான் சொன்னபோது, அவர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். "உங்கடை அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

நேற்று அந்தக் கருஞ்சிவப்புச் சாரத்தின் மூலையை நனைத்து, பழைய வெள்ளைத் துண்டொன்றில் வைத்து, குதியால் அழுத்திப் பார்த்தேன். நான்காவது தோய்ச்சல். துண்டு வெள்ளையாகவே இருந்தது. துவாய்களோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.